நாற்பத்தொரு பள்ளங்கள்

ஜூன் 12, வியாழன்

இரண்டு முறை குளித்துவிட்டேன். இன்னும் முடியிலிருந்து அந்த நாற்றம் வருகிறது. தலையணை உறையை மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரெல்லாம் குழாய் வழியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. அந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் இன்று புருஷோத்தமன் சார் என்னை அழைத்துப் போனார். அவர் என் ஆய்வு நெறியாளர். நான்கு வருடமாகக் கணினியில் பொம்மைச் சமன்பாடுகளோடு விளையாடியது போதும், நிஜமான ஓர் அமைப்பில் அளந்த எண்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். நிஜம் இப்படி நாறும் என்று சொல்லவில்லை.

கழிவுநீர் முதலில் வந்து விழுவது இருபதடி ஆழமுள்ள ஒரு மூடிய தொட்டியில். இங்கே எல்லோரும் சம்ப்பு என்கிறார்கள். இரும்பு மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே கறுப்புத் தண்ணீர், மேலே நுரை, மாட்டு மயிர், கொழுப்புக் கட்டிகள். அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அறைந்தது. ஹைட்ரஜன் சல்பைடு, ஆளையே கொல்லும் வாயு. அது எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தால் எனக்கு முனைவர் பட்டம்.

மேனேஜர் தேவநாதன் வெற்றிலை போடுகிறவர். வாயில் சாற்றை வைத்துக்கொண்டே பேசுகிறார், எந்த நேரமும் நம் மேல் தெறிக்கும் போலிருக்கிறது. "இதுக்குள்ள ஆள் எறங்கறதெல்லாம் கெடையவே கெடையாது மேடம். சட்டமே எடம் குடுக்காது. எல்லாம் மெஷின்தான்" என்று நான் கேட்காமலே சொன்னார். மெஷின் ஷெட்டில் நின்றது. அதன் மேல் தார்ப்பாய், தார்ப்பாயின் மேல் பல மாதத்துப் புறா எச்சம். பக்கத்துக் கம்பியில் ஒரு வடக்கயிறு, ஈர லுங்கி, பாதி தீர்ந்த தேங்காய் எண்ணெய் பாட்டில். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

தசரதன் என்று ஓர் உதவியாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தம்ளரில் டீ கொண்டுவந்தான். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவன் திரும்பியதும் டீயைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

சென்சாரை மாட்டியாயிற்று. சங்கிலியில் கட்டி, மூடிக்கு நான்கடி கீழே தொங்குகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாயு எத்தனை பிபிஎம் என்று அளந்து எனக்கு அனுப்பும். பெட்டிக்குள்ளேயே ஒரு வெப்பமானியும் இருக்கிறது. அது எனக்கு வேண்டாம், அந்தப் பத்தியை ஒதுக்கிவிட்டேன்.

தசரதனைக் கூப்பிட்டு, "இது ரொம்ப விலை. தண்ணி படக்கூடாது, எதுலயும் இடிபடக்கூடாது. உங்க பொறுப்பு" என்றேன். "என் உசுரு மாதிரி பாத்துக்கறேம்மா" என்றான். கைப்பிடியை அவன் தொட்டுப் பார்த்தான். அவன் போனபின் சானிடைசர் போட்டுத் துடைத்தேன்.

அப்பா போனில், "ஒரே ஒரு நம்பர வச்சுக்கிட்டு என்னதான்டி பண்ணுவே, சாரு?" என்று கேட்டார். மின்சார மீட்டரை உதாரணம் சொன்னேன். ஒரு வீட்டுக்குள் நாம் போகவே வேண்டாம். மீட்டர் ஓடுவதை மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டே வந்தால், எப்போது எழுந்தார்கள், எப்போது மாவு அரைத்தார்கள், எப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். அளக்காத விஷயங்களும் அளந்த ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும். அதைக் கணக்குப் போட்டு வெளியே எடுப்பதுதான் என் வேலை.

"அடுத்தவன் வீட்ட வேவு பாக்கறதுக்கு ஒரு பட்டமா" என்றார் அப்பா.

ஜூலை 4, வெள்ளி

மெஸ் சாம்பாரில் கரப்பான். காட்டினேன். வார்டன் கரண்டியால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, "சாப்பிடும்மா, வெந்ததுதானே" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஐந்து வாரத் தரவு சேர்ந்துவிட்டது. இன்று முதல் முறையாக உருவம் வரைந்தேன். இந்த நிமிட அளவு, இருபது நிமிடத்துக்கு முந்தைய அளவு, நாற்பது நிமிடத்துக்கு முந்தைய அளவு. மூன்றும் சேர்ந்து ஒரு புள்ளி. அடுத்த அளவுக்கு அடுத்த புள்ளி. இருபத்தைந்தாயிரம் புள்ளிகளையும் போட்டதும் திரையில் சிக்கலான நூல்கண்டு போல ஒன்று வந்தது. சிக்கல்தான், ஆனால் குப்பை இல்லை. ஒரே பாதையில் நூல்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. அந்த அசிங்கம் பிடித்த தொட்டிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வினோதம் ஒன்று. நூல்கண்டிலிருந்து ஓரமாக ஒரு சின்னப் பை தொங்குகிறது. நூறு, நூற்றைம்பது என்று இருக்கும் வாயு, திடீரென்று இரண்டு பிபிஎம்முக்கு விழுகிறது. இருபத்தைந்து, முப்பது நிமிடம் அங்கேயே கிடக்கிறது. பிறகு மறுபடி ஏறிவிடுகிறது. இதுவரை ஆறு தடவை. எல்லாமே காலையில். நோட்டில் 'பள்ளம்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சாரிடம் பள்ளங்களைக் காட்டினேன். டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். அந்த உறிஞ்சும் சத்தத்தை நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பல் கூசுகிறது.

"சாரு, இதை விட்டுடாத. கொந்தளிப்புக்கு நடுவுல திடீர்னு ஒரு அமைதி. இதை ஒரு நிஜ அமைப்புல இவ்வளவு சுத்தமா யாரும் காட்டினதில்ல. இதுதான் நம்ம பேப்பர்."

"சென்சார் கோளாறா இருக்குமோ சார்?"

"கோளாறுன்னா எப்ப வேணும்னாலும் வரணும். இது காலைல மட்டும்தானே வருது? கோளாறுக்குக் கடிகாரம் தெரியுமா?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. சரியென்று படவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

முன்கணிப்பு வேலை செய்கிறது. நேற்றைய நிலைமை போலவே முன்பு என்றைக்கெல்லாம் இருந்தது என்று பழைய தரவில் தேடவேண்டும். அந்த நாட்களில் அடுத்து என்ன நடந்ததோ அதுவே இன்றும் நடக்கும் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். பள்ளம் வருவதற்கு முந்தைய நாள் வாயுவின் ஏற்ற இறக்கம் மந்தமாகிறது, தொட்டிக்கு மூச்சு முட்டுவது போல. அதை வைத்து, மறுநாள் காலை பள்ளம் வருமா வராதா என்று பத்துக்கு எட்டு தடவை சரியாகச் சொல்ல முடிகிறது.

மந்தமாவது ஏன் என்று தேவநாதனைக் கேட்டேன். குழாய் வாயில் இருக்கும் சல்லடையில் மயிரும் ஜவ்வும் அடைத்துக்கொள்ளும் என்றார். பிறகு எப்படிச் சரியாகிறது என்றேன். "தானா விட்டுடும் மேடம்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்: அடைப்பு தானாக விடுகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

தேவநாதன் போன் செய்தார். "அந்த கேஸ் கொறையற டைம முன்கூட்டியே சொல்றீங்களாமே, சார் சொன்னாரு. எங்களுக்கும் தெனம் சாயங்காலம் வாட்ஸப்ல போட்டுவிட முடியுமா?"

எதற்கு என்று கேட்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களை நாற்றமில்லாத நேரத்தில் அழைத்துப்போவார் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு வருடத்தில் என் கணக்கை ஒருவர் வேண்டுமென்று கேட்டது இதுதான் முதல் முறை. உட்கார்ந்து ஒரே நாளில் ஸ்கிரிப்ட் எழுதினேன். இனி மறுநாள் பள்ளம் உண்டென்றால் மாலை ஆறு மணிக்குத் தானாகவே மெசேஜ் போய்விடும்: "நாளை 10.30 முதல் 11.00 வரை வாயு மிகக் குறைவு."

அக்டோபர் 14, செவ்வாய்

முன்கணிப்பு இப்போது தொண்ணூற்றேழு சதவீதம் சரி. நேரம்கூட நிமிடக் கணக்கில் பொருந்துகிறது. முன்பு ஒரு மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். இப்போது 10.30 என்று சொன்னால் 10.31க்குப் பள்ளம். பள்ளங்களும் அடிக்கடி வருகின்றன, வாரத்துக்கு இரண்டு. புருஷோத்தமன் சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரையை அனுப்பிவிட்டோம். என் பெயர் முதலில்.

நவம்பர் 6, வியாழன்

பேட்டரி மாற்றப் போனேன். மழையில் அந்த இடமே ஒரு புண் போல ஊறிக் கிடக்கிறது. செருப்பை அங்கேயே கழற்றி எறிந்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

தசரதனின் முழங்கையிலிருந்து தோள் வரை சிவந்த தடிப்பு. சொறிந்துகொண்டே நின்றான். "நீங்க சொல்ற டைமு ரொம்ப கரீட்டா கீதும்மா" என்றான் சிரித்துக்கொண்டு. இவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன், அதற்குள் பஸ் நேரமாகிவிட்டது. அவன் வீட்டு மரத்துக் கொய்யா என்று ஒரு பை நிறையக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

மதிப்பாய்வு வந்துவிட்டது. முதல் ஆள் பாராட்டியிருக்கிறார். இரண்டாவது ஆளுக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, இன்னும் சில வாரத் தரவு வேண்டுமாம். இரண்டு, பள்ளத்தின்போது தொட்டியின் வெப்பநிலையில் மாற்றம் உண்டா என்று காட்டவேண்டுமாம். ஜனவரி பத்துக்குள் பதில் அனுப்பவேண்டும். வெப்பநிலைப் பத்தி எங்கோ பழைய கோப்பில் கிடக்கிறது, தேடி எடுக்கவேண்டும்.

ஜனவரி 3, சனி

வெப்பநிலையை வரைந்தேன்.

தொட்டிக்குள் எந்நேரமும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு டிகிரி. மூடிய தொட்டி, மாறுவதே இல்லை. ஆனால் பள்ளங்களில் மாறுகிறது. ஜூன் மாதப் பள்ளங்களில் முப்பத்தேழுக்கு ஏறுகிறது. டிசம்பர் மாதப் பள்ளங்களில் இருபத்தைந்துக்கு இறங்குகிறது. வானிலை நிலையத்தின் அளவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்தந்த நேரத்தில் வெளியே என்ன வெயிலோ அதேதான். நாற்பது பள்ளங்கள், நாற்பதிலும் அப்படியே.

வாயு குறையவே இல்லை. சென்சார்தான் தொட்டியில் இல்லை. அரை மணி நேரம் வெளியே காற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தசரதனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லும்மா. மிஷின் எதுனா நின்னுபூச்சா?"

"இல்ல. சென்சார எப்பவாவது வெளிய எடுப்பீங்களா?"

"உள்ள எறங்க சொல்லோ எடுப்பேம்மா. சல்லடை அடச்சிக்கினா எறங்கித்தான ஆவணும்? கால்ல மாட்டும், தண்ணி தெறிக்கும். நீங்கதான தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்க? கம்பில மாட்டிட்டு எறங்குவேன். ஏறி வந்ததும் தொடச்சி உள்ள வுட்ருவேன். பத்ரமாத்தான் கீது, பயப்படாதீங்க."

"யார் யார் இறங்குவீங்க?"

"எப்பவும் நான்தான். நாத்தம் தெரியாம இருக்க கொஞ்சம் சாராயம் ஊத்திகினு எறங்குவேன். கோயிந்தன் மேல நின்னுகினு கயிறு புடிப்பான்."

"கேஸ் இருக்குமே?"

"அதுக்குத்தான் நீங்க டைம் குடுக்கறீங்களே. முன்னெல்லாம் ரெண்டு மூடியும் தொறந்து வுட்டு ஒரு மணி நேரம் காத்துகினு இருப்போம். அப்பவும் பயமாத்தான் இருக்கும். இப்ப மேனேஜர் உங்க மெசேஜ படிச்சுக் காட்டிட்டு, காத்துகினு இருக்க வேணாம், டைமுக்கு எறங்குன்றாரு. நீங்க படிச்சவங்க, சும்மாவா சொல்வீங்க?"

அவர் இறங்கிய நேரங்களையெல்லாம் நான் வாயு குறைந்த நேரம் என்று எழுதினேன். அதை வைத்து இனி எப்போது குறையும் என்று சொன்னேன். நான் சொன்ன நேரத்தில் அவர் இறங்கினார். இறங்கும்போது சென்சாரை வெளியே மாட்டினார். நான் சொன்னது பலித்தது. தொண்ணூற்றேழு சதவீதம் வந்த கதை இதுதான்.

சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பிறகு இவரிடம் விவரமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். "பாத்து இருங்க" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

இரவு சாப்பிடவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

சார் வீட்டுக்குப் போனேன். வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். டீ ஆறிப்போயிற்று, உறிஞ்சவில்லை.

"இது வெளிய போனா பேப்பர் போச்சு. அது பெரிசில்ல. உன் தீசிஸ் போச்சு, ப்ராஜெக்ட் போச்சு. அவங்க மேல கேஸ் வரும், நம்ம மேலயும் வரும். நாமதானே டைம் சொல்லிட்டிருக்கோம்?"

"இன்னிக்கே மெசேஜ நிறுத்திடறேன் சார்."

"திடீர்னு நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. பொங்கல் வரைக்கும் பொறு. பத்தாம் தேதி பதில அனுப்பிடலாம். அப்புறம் நானே தேவநாதன்கிட்ட பக்குவமா பேசறேன். ஏழு மாசம் ஒண்ணும் ஆகல, ஒரு வாரத்துல என்ன ஆகிடப் போகுது?"

கேட்கவே அருவருப்பாக இருந்தது. எழுந்து வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சாரின் மனைவி கேசரி கொண்டுவந்து வைத்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

ஸ்கிரிப்டை நிறுத்த ஒரு வரி போதும். மதிப்பாய்வுக்குக் கூடுதல் தரவு வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது.

ஜனவரி 7, புதன்

துணி துவைத்தேன். அறையைக் கழுவிவிட்டேன். மாலை ஆறு மணிக்கு வழக்கம் போல் மெசேஜ் போயிற்று: "நாளை 10.30 முதல் 11.00 வரை வாயு மிகக் குறைவு."

ஜனவரி 8, வியாழன்

10.31க்குப் பள்ளம் ஆரம்பித்தது. நான் அப்போது கேண்டீனில் இருந்தேன். திரும்பி வந்து திரையைப் பார்த்தபோது 11.50. கோடு இன்னும் இரண்டிலேயே இருந்தது. இத்தனை மாதத்தில் எந்தப் பள்ளமும் முப்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை.

தசரதனுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தேவநாதன் எடுக்கவில்லை. மூன்று மணி வரை இரண்டு பிபிஎம். சென்சாரைத் துடைத்து உள்ளே விட ஆளில்லை.

ஜனவரி 9, வெள்ளி

தசரதன் இறந்துவிட்டார். உள்ளே காலெடுத்து வைத்துக் கசடைக் கிளறியதும் மயங்கியிருக்கிறார். கோவிந்தன் கயிற்றை இழுத்திருக்கிறார், தூக்க முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து எடுத்தபோது மணி ஒன்று.

நாளிதழில் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி. 'எட்டிப் பார்த்தபோது தவறி விழுந்தார்' என்று போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 10, சனி

தேவநாதன் காலையில் கூப்பிட்டார். ஒரு ஆள் செத்து இரண்டு நாள் ஆகவில்லை, வாயில் வெற்றிலை இருந்தது, குரலிலேயே தெரிந்தது.

"மேடம், உங்ககிட்ட ஒரு சின்ன உதவி. அன்னிக்கு காலைல சென்சார் ரெண்டு பிபிஎம்தான் காட்டியிருக்கு. அத மட்டும் லெட்டர் ஹெட்ல எழுதி சைன் பண்ணிக் குடுத்துடுங்க. தொட்டில கேஸே இல்ல, அந்தாளு குடிச்சிருந்தாரு, தானா விழுந்துட்டாருன்னு முடிஞ்சிரும். போஸ்ட்மார்ட்டத்துலயும் சாராயம் இருக்குன்னு வந்திருக்கு."

"அவர உள்ள இறக்கினது நீங்கதானே சார்?"

"யாரு சொன்னா? அங்க ஆளே எறங்கறதில்லன்னு மொதல் நாளே சொன்னேனே. உங்க நம்பர்தான மேடம் அது, நீங்களே இல்லன்னு சொல்வீங்களா?"

போனைத் தூர எறிந்தேன். பிறகு எடுத்துத் துடைத்தேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மாலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதி அனுப்பினேன். ஸ்கிரிப்டை நிறுத்தினேன். ஒரு வரிதான்.

ஜனவரி 20, செவ்வாய்

கோட்டாட்சியர் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோவிந்தன் ஊரிலேயே இல்லை, ஆந்திரா பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். போகவைத்திருப்பார்கள். அப்படியானால் அந்தத் தொட்டிக்குள் ஒரு மனிதர் இறங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு என் எண்களைத் தவிர வேறு சாட்சியே இல்லை.

சார் அறைக்கு வரச்சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ரெண்டு பிபிஎம்னு கேட்டா ஆமான்னு சொல்லு. அது பொய் இல்லையே. சென்சார் காட்டினது ரெண்டுதானே?"

"அது தொட்டியோட அளவு இல்ல சார்."

"தீசிஸ முடிக்கணும்னு ஆசை இருக்கா இல்லையா?"

இருக்கிறது. அதுதான் வெட்கக்கேடு. இப்போதும் இருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. ஒருபக்கம் தேவநாதனும் வக்கீலும். எதிர்ப்பக்கம் தசரதனின் மனைவி அஞ்சலாட்சி, அவருடைய அண்ணன். அஞ்சலாட்சி ஒல்லியான ஆள், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் என் கட்டுரையின் பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து என் வாக்கியத்தையே வாசித்தார். காலை நேரங்களில் வாயு ஆபத்தில்லாத அளவுக்குக் குறைவது நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்று. சம்பவத்தன்று 10.48க்கு இரண்டு பிபிஎம் என்றார். தொட்டிக்குள் யாரும் இறங்கும் வழக்கமில்லை, இறந்தவர் குடிபோதையில் எட்டிப் பார்த்து விழுந்திருக்கிறார் என்று முடித்தார்.

கோட்டாட்சியர் என்னைப் பார்த்தார். "இந்த அளவு சரியா?"

"அளவு சரி மேடம். அளந்த இடம் தொட்டி இல்ல. அப்ப சென்சார் வெளிய கம்பியில தொங்கிட்டிருந்தது."

வெப்பநிலை வரைபடத்தையும் வானிலை நிலையத்தின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினேன். ஜூனில் ஏறியதையும் டிசம்பரில் இறங்கியதையும் காட்டினேன். கோட்டாட்சியர் அம்மாவுக்கு உடனே புரிந்தது, என்னைவிடச் சீக்கிரம்.

"அதாவது, இது ஒவ்வொண்ணும் ஆள் இறங்கின நேரம்."

"ஆமாம். அன்னிக்கு நடந்ததையும் சேர்த்து நாற்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் இறங்கினது தான்தான்னு தசரதன் எங்கிட்ட போன்ல சொன்னார்."

வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். கோட்டாட்சியர் கையமர்த்திவிட்டு, "போன்ல எப்ப சொன்னார்?" என்றார்.

"ஜனவரி மூணாம் தேதி."

"அப்ப அஞ்சு நாள் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"என் நெறியாளர்கிட்ட."

"அவர்கிட்ட? இறங்கறவர்கிட்ட?"

"சொல்லல. ஏழாம் தேதி சாயங்காலம் என் மெசேஜும் போச்சு. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. எனக்குக் கூடுதல் தரவு வேண்டியிருந்தது."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மெஸ் தட்டில் கரப்பானைப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

வெளியே வராந்தாவில் நின்றேன். அஞ்சலாட்சி வந்தார். காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பினால் துடைக்காமல் நிற்க வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் துப்பவில்லை.

"நாப்பத்தொண்ணா?" என்றார்.

"ஆமாங்க."

"எங்கிட்ட ரெண்டு தடவன்னுதான் சொன்னாரு. ஆபீஸ் வேலதான், மிஷின் பாத்துக்கறேன், எப்பனா ஆள் இல்லன்னா எறங்குவேன்னாரு." துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்தத் தேதியெல்லாம் எழுதித் தர முடியுமா?"

பெஞ்சில் உட்கார்ந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ஜூன் பத்தொன்பதிலிருந்து ஆரம்பித்துத் தேதியும், உள்ளே போன நேரமும், வெளியே வந்த நேரமும் எழுதினேன். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை.

தாளை வாங்கி, விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். வாய்க்குள் மாதங்களைச் சொல்லிக்கொண்டார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"செப்டம்பர் நாலு."

"ஆமாங்க."

"அன்னிக்கு எங்க கல்யாண நாளு. லீவு போட்டிருந்தாரு. கோயிலுக்குப் போலாம்னு புடவை கட்டிகினு நிக்கறேன், ஒன்பது மணிக்கு போன் வந்துச்சு. தோ வந்துடறேன்னு போனவரு பன்னண்டு மணிக்கு வந்தாரு, சாராய வாடையோட. குடிக்கத்தான் போயிட்டு வந்துகீறாருன்னு ரெண்டு நாள் மூஞ்சி குடுத்துப் பேசல நானு."

அவர் விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை.

"எத்தினி மணிக்கு வெளிய ஏறுனாரு அன்னிக்கு?"

எழுதியிருந்ததுதான், ஆனாலும் என் வாயால் சொல்லக் கேட்டார். "பத்து அம்பத்திரண்டு" என்றேன்.

"பத்து அம்பத்திரண்டு" என்று அவரும் சொன்னார். "அப்புறம் ஒரு மணி நேரம் எங்கியோ குளிச்சிட்டு வந்துகீறாரு. தலையெல்லாம் ஈரமாத்தான் இருந்துச்சு. நான் கேக்கவே இல்ல."